ஜன்னல் சின்னத்தில் நின்றவள்

எங்கள் சட்டமன்றத் தொகுதியில் இதுவரை யார் யார் நின்றார்கள், யாருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் வாரியாகப் போட்ட பட்டியல் இணையத்தில் கிடக்கிறது. என் மகள்தான் கைப்பேசியில் எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்டம். மேல் வரியில் ஜெயித்தவர், அடுத்த வரியில் தோற்றவர், அதற்குக் கீழே மற்றவர்கள். அப்படி ஒரு கட்டத்தில், விரலால் தள்ளிக்கொண்டே போனால், கடைசிக்கு மூன்று வரி முன்னால் என் பெயர் வருகிறது. பக்கத்தில் சுயேச்சை என்று போட்டிருக்கிறது. யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்லுகிற நோட்டா என்னைவிட வெகுதூரம் மேலே நிற்கிறது.

அதைப் படிக்கிறவர்கள் யாரோ ஒரு பெண் பொழுது போகாமல் நின்றிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். எனக்குப் பொழுது இருந்ததே இல்லை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சோறாக்கி, தூக்குச்சட்டியில் அடைத்து, ஐந்து மணிக்கு ஊர் மந்தைத் திடலில் ஜீப்புக்கு நிற்கிறவள் நான். எதற்காக நின்றேன் என்பது பட்டியலில் இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

போடிக்கும் சிலமலைக்கும் இடையில் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்குப் போடியில் ஏலக்காய் மூட்டை தூக்குகிற வேலை. நான் பத்தாவது வரை படித்தவள். அதை வைத்து இங்கே செய்ய ஒன்றும் இல்லை. கல்யாணமான மறுமாதமே மலைக்கு ஜீப்பில் ஏறிவிட்டேன். போடிமெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டம். ஆடியிலிருந்து மார்கழி வரை காய் எடுப்பு, கோடையில் கவாத்தும் தண்ணீர் பாய்ச்சலும். சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. இருபது பேர் ஏறுவோம். கடைசியாக ஏறுகிறவள் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி வெளியே இருப்பாள்.

நான் முதல் ஓட்டுப் போட்டபோதே பிரசாரத்துக்கு வந்தவர்கள் சொன்னது ஒரே விஷயம்தான். "காலையில அஞ்சு மணிக்கு மெட்டுக்கு ஒரு பஸ்சு விடுவோம். தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க இனிமே ஜீப்புல தொங்க வேண்டாம்." அடுத்த தேர்தலில் வேறு கொடியோடு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அதற்கு அடுத்த முறை இரண்டு கொடிக்காரர்களும் சொன்னார்கள். எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாறு எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. இன்னார் ஜெயித்த வருஷம் என்பதைவிட, மூன்றாவது முறை பஸ் வராமல் போன வருஷம், நான்காவது முறை வராமல் போன வருஷம்.

பிறகு அந்த விபத்து.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, எங்கள் தெருவிலேயே வாக்கப்பட்டிருந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள். வாய்த் துடுக்கு. ஜீப்பில் அவள் இருந்தால் மேலே போய்ச் சேரும் வரை சிரிப்பு ஓயாது. அன்றைக்கு நாங்கள் வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே லோடு லாரி வர, டிரைவர் அண்ணன் ஓரம் கட்டினார். ஜீப் சாய்ந்தது. உருளவில்லை, சாய்ந்து தடுப்புச் சுவரில் மோதி நின்றது. எங்கள் எல்லாருக்கும் சிராய்ப்புதான். பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்த நாத்தனாருக்கு மட்டும் சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் முந்தி ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டேன். அவள் பிந்தி வந்தாள். வேறு காரணம் ஒன்றுமில்லை.

அவள் வீட்டுக்கு வந்த மாதம் தேர்தல் அறிவித்தார்கள். ஒரு கட்சியிலிருந்து நாலைந்து பேர் பழப்பையோடு அவளைப் பார்க்க வந்தார்கள். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களில் மூத்தவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "கவலப்படாத தாயி. இந்தத் தடவ கண்டிப்பா அஞ்சு மணிக்கு பஸ்சு வந்துரும்" என்றார்.

நாத்தனார் படுத்தபடியே கேட்டாள். "அண்ணே, இது எத்தனாவது கண்டிப்பா?"

காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்கள். அவர்கள் வாசல் தாண்டியதும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "மதினி, நீ நில்லு."

"எங்க நிக்க?"

"தேர்தல்ல. நீ பத்தாவது படிச்சவ. பேசவும் தெரியும். எவன்கிட்டயோ பஸ்சு கேக்குறதுக்கு நம்மளே நின்னு கேப்போம்."

சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஆனால் அன்று முழுக்க அது என்னை விடவில்லை. அவளுடைய காலைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குள் அழுகைதான் வரும். அன்றைக்கு முதல் தடவையாக அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தோத்துப் போவ" என்றார் கடைசியில்.

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா சரி" என்று சாப்பிட்டார். அவர் சம்மதம் அவ்வளவுதான்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். சுயேச்சையாக நிற்க இந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். டெபாசிட்டுக்கு ஜீப்பில் போகிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். முன்மொழியவும் அவர்களே. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டு அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னொரு பத்துப் பேர் இருக்காங்களாம்மா?"

"எதுக்குங்க? பத்துதான கேட்டீங்க?"

"ஒருத்தரே நாலு மனு வரைக்கும் போடலாம். டெபாசிட்டு ஒண்ணுதான். நீங்க ரெண்டாவது ஒண்ணு போட்டு வைங்க. எல்லாரையும் வேற ஆளாப் போடுங்க." காரணம் சொல்லவில்லை. வீட்டுக்காரர், அவரோடு மூட்டை தூக்குகிறவர்கள், நாத்தனார், அவள் புருஷன் என்று இன்னொரு பத்துப் பேரைச் சேர்த்தேன்.

மனுத் தாக்கல் செய்யப் போன அன்று கட்சிக்காரர்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். நாங்கள் நான்கு பெண்கள் அந்தக் கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனோம். அதிகாரி உறுதிமொழி வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்று, அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று என் பெயரைச் சொல்லி வாசித்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சத்தம் போட்டு வாசித்தது அன்றுதான். குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவில்லை.

பரிசீலனை நாளன்று பெரியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரிந்தது. என் முதல் மனுவில் கையெழுத்துப் போட்ட இரண்டு பெண்கள் அங்கே நின்றார்கள். மலைக்கு ஜீப் விட்டு ஆள்களை வேலைக்கு அனுப்புகிற காண்ட்ராக்டரின் மச்சான் அவர்களைக் கூட்டி வந்திருந்தார். அது எங்கள் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் என்னோடு பன்னிரண்டு வருஷம் காய் எடுத்தவர்கள். ஒருத்தி என்னைப் பார்க்கவே இல்லை. இன்னொருத்தி பார்த்தாள், பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மலையில் வேலை இல்லை என்று சொன்னால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. காண்ட்ராக்டரின் மச்சானைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசிப்பது போல நின்றார்.

அதிகாரி முதல் மனுவைத் தள்ளினார். அடுத்த தாளை எடுத்து, அதிலிருந்த பத்துப் பெயரையும் வாக்காளர் பட்டியலில் சரி பார்த்தார். "இது சரியா இருக்கு. ஏத்துக்கிறேன்" என்றார். மச்சான் அறிவிப்பிலிருந்து சட்டென்று திரும்பினார். அவருக்கு இரண்டாவது மனு பற்றித் தெரிந்திருக்கவில்லை.

வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முதல் நாள், பழப்பையோடு வந்த அதே மூத்தவர் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை காப்பியைக் குடித்தார்.

"ஆத்தா, ஓம் மேல எங்களுக்கு மரியாத உண்டு. ஒனக்கு விழப்போறது எரநூறோ முந்நூறோ. அது எங்களுக்கு விழ வேண்டிய ஓட்டு. வாபஸ் வாங்கிரு. பஸ்சு நான் பொறுப்பு."

"பஸ்சு வரட்டும்ணே. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு மந்தையில வந்து நிக்கட்டும். அதுல ஏறிப்போய் வாபஸ் வாங்குறேன்" என்றேன்.

"இப்பிடிப் பேசுனா என்ன அர்த்தம்?"

"கேட்டதக் குடுத்தா நிக்க மாட்டேன்னு அர்த்தம்."

அவர் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நீ சொல்லக் கூடாதா மாப்ளே? நீயும் நாலு கடையில மூட்ட தூக்கணும்ல?"

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மூட்ட எங்கயும் தூக்கலாம்ணே. எனக்குச் சோலி இருக்கு, வர்றேன்" என்று வெளியே போய்விட்டார். அப்போது அவருக்கு வேலை எதுவும் இல்லை. தெருமுனை வரை போய் அங்கே நின்றுகொண்டிருந்தார். மூத்தவர் கிளம்பிய பிறகுதான் திரும்பி வந்தார்.

சின்னம் ஒதுக்கும்போது பஸ் கேட்டேன். பட்டியலில் இல்லை என்றார்கள். கடைசியில் கிடைத்தது ஜன்னல். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவள் ஊன்றுகோலை மடியில் வைத்து யோசித்தாள். "பஸ்சுல ஜன்னல் இருக்குல்ல? ஜீப்புல இருக்கா? அதையே சொல்லு" என்றாள். அதையே சொன்னோம்.

எங்களிடம் வண்டி இல்லை, கொடி இல்லை. என் பிரசாரம் ஜீப்பில்தான். மலையேறும் ஒன்றரை மணி நேரமும் பேசுவேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஜீப்பில் ஏறினேன். தேவாரம் பக்கத்துப் பெண்கள் வருகிற ஜீப், சிலமலை ஜீப், போடி டவுனிலிருந்து கிளம்புகிற ஜீப். தேவாரத்துக்காரர்கள் சிலருக்கு வேறு தொகுதி. அவர்கள், "எங்களால ஒனக்குப் போட முடியாதுக்கா, ஆனா பேசு" என்றார்கள். யானை சோளத்தை அழித்துவிட்டுப் போன கதையை அவர்கள் எனக்குச் சொன்னார்கள். மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த கதை. யார் பேச்சையும் யாரும் கேட்காத இடத்தில் நாங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு போனோம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்தில் கூட்டம் கூடியது. மலையாளத்துக்காரரான மேனேஜர் வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"சேச்சி, இவிட ராஷ்ட்ரீயம் வேண்டா, அரசியல் வேண்டா. ஓனர் அறிஞ்சா எனக்குப் பிரஷ்னம்."

"சாரே, இது எங்க சாப்பாட்டு நேரம். நாங்க எதப் பேசித் திங்கிறோம்னு உங்களுக்கு என்ன?"

அவர் தோட்டத்துப் பாதையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பஸ் வந்நால் எனக்கும் நல்லதுதான். நீங்க நேரத்துக்கு வரும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் போனார். அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

வாக்குப்பதிவன்று ஒரு சங்கடம். வேட்பாளர்கள் அதிகம் என்பதால் இரண்டு மெஷின் வைத்திருந்தார்கள். என் பெயர் இரண்டாவது மெஷினில், நடுவில். நாத்தனார் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே, கோட்டைத் தாண்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தேர்தல் விதிப்படி அங்கே ஓட்டுக் கேட்கக் கூடாது. அவள் கேட்கவில்லை. போகிற வருகிற பெண்களிடம், "ரெண்டு மிஷினு இருக்காம், ரெண்டையும் பாத்துட்டுப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு கட்சியின் பையன்கள் போலீசிடம் புகார் சொன்னார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டுவிட்டு, "அந்தம்மா சொல்றது உண்மதானப்பா" என்று போய்விட்டார்.

ஓட்டு எண்ணிக்கைக்கு அவள்தான் என் ஏஜெண்ட். செயற்கைக் கால் பொருத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் சொல்லியும் கேட்காமல் கிளம்பினாள். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பெரிய கட்சிகளின் ஏஜெண்டுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்து, "நீங்க எதுக்கும்மா இங்க சிரமப்படுறீங்க, ஒக்காருங்க" என்றாராம். "நான் ஒக்காந்தா ஒங்களுக்கு எடம் கெடைக்கும், அதானண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் பக்கத்து ஊர்களின் பூத்து வரும்போது எனக்கு விழுந்ததை ஒரு நோட்டில் எழுதினாள். மற்ற வேட்பாளர்களுக்கு என்ன விழுந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.

மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. வெளியே வெடி வெடித்தார்கள். எனக்கு டெபாசிட் போயிற்று. ஊர் மந்தையில் நாங்கள் பஸ்சை விட்டு இறங்கியபோது டீக்கடையில் இருந்த ஒருவர், "என்னத்தா எம்எல்ஏ, கார் எங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நெஞ்சு எரிந்தது என்று சொல்லாவிட்டால் பொய். நின்று, "கார் கேட்டு நிக்கலண்ணே, பஸ்சு கேட்டு நின்னேன்" என்றேன். அவர் டீக் கிளாசை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து நாத்தனார் நோட்டைப் பிரித்தாள். எங்கள் ஊர் பூத்துக்கு நேராக எழுதியிருந்ததைக் காட்டினாள். "மதினி, நம்ம ஊர்ல ஜீப்புல போற பொம்பளைங்க எத்தன பேரு?"

"நாப்பது இருக்கும்."

"ஒனக்கு இங்க விழுந்துருக்கிறது அதவிடக் கூட."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் விரல் அந்த எண்ணிலேயே இருந்தது. நாற்பது பேரும் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து தங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்த இரண்டு பேரும் அதில் அடக்கம். அவர்கள் வீட்டு ஆண்கள் சிலரும் போட்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் வேலை போகும் என்று இருந்தவர்கள் மெஷினுக்கு முன்னால் தனியாக நின்றபோது என்ன செய்தார்கள் என்று அந்த எண் சொன்னது. தொகுதிக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. மந்தையில் நிற்கிறவர்கள் கணக்கில் அது எல்லாரும்.

ஐந்து மணி பஸ் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. ஜெயித்தவர்களுக்கு மனுக் கொடுத்தோம், தோற்றவர்களுக்கும் கொடுத்தோம். ஆனால் ஆடி மாதம், காய் எடுப்பு தொடங்கிய முதல் நாள், நாங்கள் மந்தையில் வேறொன்று செய்தோம். முந்தின நாளே வீடு வீடாகப் பேசி வைத்திருந்தோம். வழக்கமாக வருகிற இரண்டு ஜீப்பும் வந்தன, டிரைவர் அண்ணன் முன்னதை நிறுத்தினார். பத்துப் பேர் ஏறினார்கள். பதினோராவதாக நிற்க வேண்டியவள் நான். ஏறவில்லை. என் பின்னால் நின்றவர்களும் ஏறவில்லை.

"வெரசா ஏறுத்தா, நேரமாச்சு" என்றார் அவர்.

"பத்துப் பேருக்கு மேல ஏற மாட்டோம்ணே. இன்னும் ரெண்டு ஜீப்பு வரச் சொல்லுங்க."

"காண்ட்ராக்டர் என்னயத்தான் வைவாரு."

"போனப் போட்டு எங்கிட்டக் குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

காண்ட்ராக்டர் போனில் கத்தினார். வேலைக்கு வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்றார். வடக்கே இருந்து ஆள் இறக்கிவிடுவேன் என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னேன். "எறக்குங்க. அவங்களும் மனுசங்கதான். அவங்களையும் பத்துப் பேராத்தான் ஏத்தணும். நாங்க போய்ச் சொல்லிக் குடுப்போம்."

ஏறியிருந்த பத்துப் பேரும் அப்போது இறங்கினார்கள். நாங்கள் அவர்களை இறங்கச் சொல்லவில்லை. பரிசீலனை நாளில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டவள்தான் முதலில் இறங்கினாள். வந்து என் பக்கத்தில் நின்றாள். டிரைவர் அண்ணனும் பின்னால் வந்த ஜீப்புக்காரரும் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். நாற்பது பெண்கள் தூக்குச்சட்டியோடு மந்தையில் நின்றோம். விடிந்து, வெயில் வந்தது. ஏழு மணிக்கு இரண்டு ஜீப்புகள் கூடுதலாக வந்தன.

அன்றைக்கு அரை நாள் கூலிதான் போட்டார்கள். மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் நான்கு ஜீப்பும் வந்து நின்றன. சிலமலைப் பெண்கள் அடுத்த வாரம் அவர்கள் ஊரில் அதையே செய்தார்கள். எங்களுக்கு யாரும் பாராட்டு விழா எடுக்கவில்லை. காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. எங்கள் வார்டில் நாத்தனார் நிற்கிறாள். பழப்பையோடு வந்த மூத்தவர் என்னை வழியில் நிறுத்தி, "அவளுக்கு ஏத்தா இந்த வேல? ஒரு கால வச்சுக்கிட்டு வீடு வீடா எப்பிடி ஏறி எறங்குவா?" என்று கேட்டார்.

"அவ ஏற வேண்டாம்ணே. ஊரு அவ வீட்டுக்கு வரும்" என்றேன். இந்த முறை ஏஜெண்ட் நான்.